நூல் மாதிரி வரட்டும்

அவர் ஓடி நான் பார்த்ததே இல்லை. நாலு வருஷம் கூட இருந்தேன். மழைக்கு ஓடமாட்டார், டிராமுக்கு ஓடமாட்டார். ஒரு தடவை எங்கள் கூலி லைனில் தீப்பிடித்தது. எல்லோரும் மூட்டையும் பிள்ளையுமாக வெளியே பாய்ந்தார்கள். இவர் கதவை இழுத்துப் பூட்டி, பூட்டை ஒரு தரம் ஆட்டிப் பார்த்துவிட்டு நடந்து வந்தார். நான் தெருவில் நின்று தலையில் அடித்துக்கொண்டிருந்தேன். தீ எங்கள் அறைக்கு நாலு அறை முன்னாலேயே அணைந்துவிட்டது. அந்தக் கலவரத்தில், திறந்து கிடந்த வீடுகளில் பித்தளைப் பாத்திரம் எல்லாம் காணாமல் போயிற்று. எங்கள் வீட்டில் ஒன்றும் போகவில்லை. அதற்கும் எனக்குக் கோபம்தான் வந்தது.

அவர் பேரைச் சொல்ல எனக்கு நாக்கு வராது. இருந்தபோதே சொன்னதில்லை. லைனில் அவரை 'வரட்டும்' என்று கூப்பிடுவார்கள், அவர் வாயில் எப்போதும் இருக்கிற வார்த்தை அது. கப்பல் வரவில்லையா, வரட்டும். உலை கொதிக்கவில்லையா, வரட்டும். பக்கத்து அறை அஞ்சலையக்கா என்னைப் பார்த்து, "என்னடி, வரட்டும் வந்துட்டாரா?" என்று கேட்பாள். சுவருக்கு அந்தப் பக்கம் சிரிப்பார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார்.

இப்போது அந்த அறை எனக்கு இல்லை. ஜெயிலிலிருந்து வந்து அஞ்சலையக்கா வீட்டு மூலையில் பாய் போட்டிருக்கிறேன். பதினாறாம் நாள் இலையில், அவர் காய்ச்சுகிற பீரைத்தான் வைப்பேன், கடைச் சரக்கை வைக்கமாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தேன். அதனால் வந்தது. எப்படி வந்தது என்று சொல்ல வேண்டுமானால் அவர் எப்படிக் காய்ச்சினார் என்பதிலிருந்துதான் சொல்ல வேண்டும்.

ரங்கூனில் வெள்ளைக்காரர்கள் நடத்திய ஒரு பீர் கம்பெனியில் அவருக்கு வேலை. அங்கே முளைகட்டிய தானியத்தைக் கொரகொரப்பாக உடைத்து, பெரிய தொட்டியில் வெந்நீர் விட்டு ஊறவைப்பார்கள். ஊறினால் தானியத்திலிருந்து இனிப்பு இறங்கும். அந்த இனிப்புத் தண்ணீரைத்தான் அடியில் இருக்கிற குழாய் வழியாக இறக்கிக் காய்ச்சிப் புளிக்கவிடுவது. குழாயை வேகமாகத் திறந்தால் தானியம் முழுக்க அடியில் போய்ச் சுண்ணாம்புக் காரை மாதிரி இறுகிவிடும். பிறகு ஒரு சொட்டு வராது. ஆள் உள்ளே இறங்கி வாரிக்கொட்ட வேண்டும். எத்தனையோ பேரைக் குழாயில் நிறுத்திப் பார்த்துவிட்டு, கடைசியில் துரை இவரை நிறுத்தினார். இவர் திறந்தால் நூல் மாதிரி வரும். கம்பெனியில் எட்டு வருஷம் அந்தக் குழாயைத் திறந்தார். அந்த பீரை ஒரு வாய் குடித்ததில்லை. கூலிகளுக்குக் கிடையாது.

அதனால்தான் வீட்டில் ஆரம்பித்தார். ஊரிலிருந்து கப்பலில் வருகிறவர்கள் கொண்டுவரும் கேழ்வரகை வாங்கி, ஊறப்போட்டு, ஈரத்துணியில் முளைகட்டி, காயவைத்து உடைப்பார். துரை நாட்டுத் தானியத்தில் வருவது நம் தானியத்தில் ஏன் வராது என்பது அவர் கேள்வி. கேழ்வரகுக்கு உமி கிடையாது, அதனால் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும் என்று, ஆற்றங்கரை அரிசி மில்லில் இருந்து நெல் உமி வாங்கி வந்து கழுவிக் கலந்தார். த்வாண்டேயிலிருந்து படகில் வருகிற பெரிய பானை ஒன்றை வாங்கி, அடியில் ஓட்டை போட்டு, உள்ளே மூங்கில் தட்டும் வைக்கோலும் பரப்பினார். கம்பெனியில் வெந்நீரின் சூடு பார்க்கக் கண்ணாடிக் குச்சி உண்டாம். இவருக்கு விரல்தான். ஒரு தடவை முக்கி எடுத்த பிறகு இரண்டாவது தடவை முக்க மனசு வரக்கூடாது. அதுதான் சூடு என்பார்.

லைசென்ஸ் இல்லாமல் வீட்டில் இதெல்லாம் காய்ச்சக்கூடாது. கள்ளச்சாராயம் பிடிக்கிற அப்காரிக்காரர்கள் கையில் சிக்கினால் ஜெயில். கம்பெனி வேலை போகும், வேலையோடு லைன் அறையும் போகும். எங்கள் தாமுவே பேட்டைப் பக்கத்துக்கு கோ சான் என்று ஒரு பர்மாக்கார அப்காரி பியூன் இருந்தான். லைனிலேயே சுற்றிச் சுற்றித் தமிழ் பேசக் கற்றுக்கொண்டவன். அவன் முகத்தில் முதலில் தெரிவது மூக்குதான். மார்க்கெட்டுக்குப் போனாலும் வந்தாலும் எங்கள் தெரு வழியாகத்தான் போவான்.

இனிப்பை எப்படி இறக்குவது என்று முடிவு பண்ண இவருக்கு மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆயிற்று. முதல் ஞாயிறு, ஊறினதை அப்படியே வடித்தார், சக்கையை அலசவில்லை. தேன் மாதிரி வந்தது, ஆனால் கொஞ்சம்தான். லைனில் திரிகிற ஆடுகள் அந்தச் சக்கைக்கு அடித்துக்கொண்டதைப் பார்த்தபோதுதான் இனிப்பெல்லாம் அதிலேயே நின்றுவிட்டது என்று தெரிந்தது. இரண்டாம் ஞாயிறு, வடித்த பிறகு ஒரு குடம் வெந்நீரை ஒரேயடியாக ஊற்றிக் கலக்கி, கால் மணி நேரம் விட்டு மறுபடியும் வடித்தார். சுருக்காக முடிந்துவிட்டது. மூன்றாம் ஞாயிறு, ஓட்டை போட்ட கொட்டாங்கச்சியைப் பானைக்கு மேலே கட்டித் தொங்கவிட்டு, வெந்நீரை அதில் ஊற்றினார். மேலே எவ்வளவு சொட்டுகிறதோ அவ்வளவு கீழே நூலாக இறங்கியது. காலையில் உட்கார்ந்தவர் மத்தியானச் சோறு ஆறிப்போகிற வரைக்கும் எழுந்திருக்கவில்லை.

மூன்றையும் தனித்தனி ஜாடியில் புளிக்கவிட்டு, அஞ்சலையக்கா புருஷனைக் கூப்பிட்டுக் குடிக்கச் சொன்னார். அவரும் அதே தொட்டியில் வேலை செய்கிறவர். மூன்றையும் குடித்துவிட்டு, எல்லாம் ஒரே மாதிரிதான் ஏறுகிறது என்று சொல்லிவிட்டு எங்கள் வாசலிலேயே படுத்துவிட்டார்.

இவருக்கு மூன்றாவதுதான் பிடித்தது. எனக்கு இரண்டாவது. எனக்கு ருசியைப் பற்றிக் கவலை இல்லை, கோ சானைப் பற்றித்தான். அந்த வெந்நீர் தானியத்தில் பட்டால், சர்க்கரைவள்ளிக் கிழங்கு அவிக்கிற மாதிரி ஒரு வாசனை கிளம்பும். இரண்டாவது முறையில் அது சீக்கிரம் அடங்கிவிடும். மூன்றாவதில் அரை நாள் தெருவில் நிற்கும்.

"ஏங்க, ரெண்டாவதுல என்ன குறை?" என்று கேட்டேன்.

"குறைன்னு ஒண்ணுமில்ல புள்ள. கலக்கினா மாவும் சேந்து வருது. இது தெளிவா வருது."

"தெளிவா வந்து யாருக்குக் காட்டப் போறீங்க? கோ சான் வந்து நிக்கப் போறான்."

"வரட்டும்" என்றார்.

எனக்கு உடம்பு எரிந்தது. அதற்குப் பிறகு மாதத்துக்கு ஒரு ஞாயிறு இப்படித்தான். அவர் பானையைப் பார்த்து உட்கார்ந்திருப்பார், நான் தெருவைப் பார்த்து உட்கார்ந்திருப்பேன். கதவைச் சாத்தச் சொன்னால், சாத்தினால்தான் சந்தேகம் வரும் என்பார். ஒரு ஞாயிறு கோ சான் வாசலைத் தாண்டிப் போனான். இரண்டு அடி போய்த் திரும்பி உள்ளே பார்த்தான். இவர் தலையை ஆட்டினார், அவனும் ஆட்டிவிட்டுப் போனான். போன மாசத்து ஜாடி என் பக்கத்தில் இருந்தது. அதன் மேலே முறத்தைப் போட்டுப் புளி ஆய்ந்துகொண்டிருந்தேன். அவன் போன பிறகு பார்த்தால், ஆய்ந்த கொட்டையும் புளியும் ஒன்றாகக் கிடந்தது.

என்னை அவர் ஒரு தடவைகூடத் திட்டியதில்லை. திட்டும்படி ஒன்று செய்தேன். அவர் வெளியே போயிருந்த நேரம், பானையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருந்தார். கேழ்வரகும் வெந்நீரும் பானையில் இருந்தால் எங்கள் கை சும்மா இருக்குமா? கூழ் கிண்டிப் பழகின கை. கிண்டாமல் விட்டால் கட்டி தட்டும் என்று பிறந்ததிலிருந்து கேட்டு வளர்ந்தவள் நான். துடுப்பை எடுத்து அடிவரைக்கும் விட்டு நன்றாகக் கிண்டிவிட்டேன். மூங்கில் தட்டு நகர்ந்தது, உமி மேலே வந்தது, கீழே கூழாகவே ஒழுகி அடைத்து நின்றது. அவர் வந்து பார்த்தார். துடுப்பை என் கையிலிருந்து வாங்கிச் சுவரில் சாய்த்து வைத்தார். வைக்கோலை மறுபடி அடுக்கி, ஒழுகினதை அள்ளி மேலேயே ஊற்றி, அது அடங்கட்டும் என்று பக்கத்தில் உட்கார்ந்தார். நானும் உட்கார்ந்தேன். அரைமணி ஆன பிறகு, "உங் கை மேல தப்பு இல்ல" என்றார். திட்டியிருந்தால் தேவலை.

மாவ்பியில் அவருக்குத் தெரிந்தவர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போனபோது, நாங்கள் ஸ்டேஷனுக்குள் நுழையும்போதே வண்டி ஊதிவிட்டது. எல்லோரும் ஓடினார்கள். நானும் ஓடி ஏறியே விட்டேன். திரும்பிப் பார்த்தால் இவர் பிளாட்பாரத்தில் நடந்து வருகிறார். வண்டி நகர ஆரம்பித்துவிட்டது. நான் குதித்தேன். முழங்கை சிராய்த்து ரத்தம். அவர் துண்டைக் கிழித்துக் கட்டிவிட்டு, அடுத்த வண்டி இருக்கே, எதற்குக் குதித்தாய் என்றார். நீங்கள் ஏறியிருந்தால் நான் ஏன் குதிக்கிறேன் என்று பிளாட்பாரத்திலேயே உட்கார்ந்து அழுதேன். அவருக்கு அது புரியவே இல்லை. கல்யாணத்துக்குப் போனபோது இலை எடுத்துவிட்டார்கள்.

வாந்திபேதி வந்தது வைகாசியில். விடிகாலையில் ஆரம்பித்தது. எட்டு மணிக்கெல்லாம் அவர் கண் உள்ளே போய்விட்டது. டாக்டரைக் கூட்டிவரக் கிளம்பினேன், கால் புடவையில் சிக்கியது. "மெதுவாப் போ, விழுந்துடுவே" என்றார். என்னோடு அவர் பேசின கடைசி வார்த்தை அதுதான். நான் மெதுவாகப் போகவில்லை, ஓடினேன். ஓடியும் ஒன்றும் ஆகவில்லை. பொழுது சாய்வதற்குள் முடிந்துவிட்டது. எந்தக் காரியத்தையும் அரை நாளுக்குக் குறைந்து செய்யாத மனுஷர்.

மறுநாள் முனிசிபாலிட்டி ஆட்கள் வந்து அறை முழுக்க மருந்து அடித்தார்கள். பாய், துணி எல்லாவற்றையும் கொளுத்தினார்கள். தண்ணீர் இருந்த பாத்திரத்தை எல்லாம் கவிழ்த்தார்கள். அவர் கடைசியாகப் போட்டிருந்த ஜாடியையும் சாக்கடையில் கொட்டினார்கள். அது பொங்கிக்கொண்டு இருந்தது. நுரை சாக்கடையில் கொஞ்ச தூரம் போயிற்று. உத்தரத்தில் தொங்கின ஒரு துணி மூட்டையை மட்டும் அவர்கள் பார்க்கவில்லை. அவர் முளைகட்டி, காயவைத்து, உடைத்து வைத்திருந்த கேழ்வரகு. ஒரு பானைக்குத்தான் ஆகும்.

எங்கள் வழக்கத்தில், செத்தவருக்குப் பதினாறாம் நாள் அவர் ஆசைப்பட்டதை எல்லாம் இலையில் வைக்க வேண்டும். சுருட்டுப் பிடித்தவருக்குச் சுருட்டு, சாராயம் குடித்தவருக்குச் சாராயம். இவர் ஆசைப்பட்டது இது ஒன்றுதான். புளிக்க ஆறு நாளாவது வேண்டும். பத்தாம் நாளுக்குள் நான் காய்ச்சியாக வேண்டும். அந்த மூட்டை போனால் அவர் கை பட்ட தானியம் வேறு கிடையாது.

அஞ்சலையக்காவிடம் சொன்னேன். அவள் என் வாயைப் பொத்தினாள். சாவு வீட்டில் அடுப்பு எரிந்தாலே நாலு பேர் பார்ப்பார்கள், உனக்கு வேறு வேலை இல்லையா என்றாள். நான் கேட்கவில்லை. கடைசியில் அவள், "சரி, செய்றதுதான் செய்றே, ஒரேயடியா ஊத்திக் கலக்கி வடிச்சிட்டு வா. ஒம் புருஷன் மாதிரி பொழுதுக்கும் உக்காந்திருக்காதே. அவருதான் இல்லையே பாக்க" என்றாள். அவள் புருஷன் கம்பெனித் தொட்டியிலிருந்து நுரையைத் தூக்குவாளியில் மறைத்துக் கொண்டுவர ஒத்துக்கொண்டார். அது போட்டால்தான் புளிக்கும்.

நானும் அப்படித்தான் நினைத்தேன். நாலு வருஷம் நானே சொன்ன முறைதானே. பத்தாம் நாள் காலை அடுப்பைப் பற்றவைத்தேன். விரலை முக்கிச் சூடு பார்த்தேன். உமியைக் கலந்து ஊறவைத்து, பானைக்குச் சாக்கைச் சுற்றினேன். மூடியைத் திறந்தபோது, மாவு அடங்கி, மேலே தண்ணீர் கறுப்புக் கண்ணாடி மாதிரி நின்றது. குடத்து வெந்நீரைத் தூக்கினேன். தூக்கின கையோடு நின்றேன். இறக்கி வைத்துவிட்டுக் கொட்டாங்கச்சியைக் கட்டினேன்.

துடுப்பை எடுத்துப் போய் அஞ்சலையக்கா வீட்டில் கொடுத்துவிட்டு வந்தேன். கையில் இருந்தால் கிண்டிவிடுவேன்.

மத்தியானம் மழை பிடித்தது. நூல் இறங்கிக்கொண்டிருந்தது. கதவு திறந்தே இருந்தது. கோ சான் குடையோடு வந்து வாசலில் ஏறினான். உள்ளே வரவில்லை. படியில் உட்கார்ந்து, பர்மாப் பாஷையில் அவருக்காக வருத்தப்பட்டுப் பேசினான். பிறகு மூக்கை உயர்த்தினான்.

"என்னா காயுது?"

"கூழு, சயா" என்றேன். எங்கள் லைனில் பர்மாக்கார உத்தியோகஸ்தர்களை அப்படித்தான் கூப்பிடுவது.

"ஒரு ஆளுக்கு இவ்ளோ பெரிய பானையா?"

"துக்கத்துக்கு வர்றவங்களுக்கு."

அவன் கொட்டாங்கச்சியைப் பார்த்தான். கீழே சட்டியில் இறங்குகிற நூலைப் பார்த்தான். "கூழு கீழ ஒழுகுமா?"

"பானை ஓட்டை, சயா."

சிரித்தான். மழை விடவில்லை, அவனும் எழுந்திருக்கவில்லை. அரிசி விலை, வாந்திபேதி, அவன் மச்சினிக்குப் பிள்ளை பிறந்தது என்று பேசிக்கொண்டே இருந்தான். எனக்கு ஒன்றும் காதில் ஏறவில்லை. நூல் வெளுத்துக்கொண்டு வந்தது. முதலில் டீத் தண்ணீர் நிறத்தில் இருந்தது, இப்போது வைக்கோல் நிறம்.

அந்த முறையில் ஒரே ஒரு ஆபத்து உண்டு. இனிப்பு தீர்ந்த பிறகும் விட்டுவிட்டால் உமியிலிருந்தும் தோலிலிருந்தும் துவர்ப்பு இறங்கிவிடும். ஒரு சிரட்டை துவர்த்த தண்ணீர் சேர்ந்தால் சட்டி முழுக்கக் கெட்டது. கடைசி நேரத்தில் அவர் நூலை உள்ளங்கையில் பிடித்து நக்கிப் பார்த்துக்கொண்டே இருப்பார், நாக்கின் ஓரத்தில் பிடிக்க ஆரம்பித்ததும் துணிசுற்றின கட்டையால் ஓட்டையை அடைப்பார். எனக்கும் காட்டியிருக்கிறார். ஆனால் கூழ் காய்ச்சுகிறவள் ஓட்டைப் பானையில் ஒழுகுவதைக் கையில் பிடித்து ருசி பார்ப்பாளா? பார்த்தால் இது கூழ் இல்லை என்று நானே சொன்ன மாதிரி. பார்க்காவிட்டால் அவர் முளைகட்டினது கெட்டது. கோ சான் என்னைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நான் கையை முழங்காலுக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தேன். நூல் இன்னும் வெளுத்தது.

கையை நீட்டினேன்.

இனிப்பு இருந்தது, கொஞ்சமாக. கோ சான் பேச்சை நிறுத்திவிட்டான். திரும்பிப் பார்க்காமல் மறுபடி பிடித்தேன். இன்னும் வரலாம். மறுபடி. ஐந்தாவது தடவை நாக்கின் ஓரம் லேசாக இழுத்தது. கட்டையை எடுத்து அடைத்தேன்.

"ஓட்டைய அடைச்சாச்சா?" என்றான்.

"அடைச்சாச்சு, சயா."

"இன்னைக்கு இனிப்புத் தண்ணி. இனிப்புத் தண்ணிக்கு நான் கேஸ் எழுத முடியாது." குடையை விரித்தான். "கருமாதி எப்போ?"

பொய் சொல்லியிருக்கலாம். புதன்கிழமை என்றேன். அவன் மழையிலேயே இறங்கிப் போனான்.

அன்றைக்கே, அவர் போடுகிற மாதிரி கசப்புக்கு வேப்பம்பூ போட்டுக் கொதிக்கவைத்து, ஆறவிட்டு, நுரையைக் கலந்து ஜாடியில் கட்டினேன். உங்கள் வீட்டில் வைத்துக்கொள் அக்கா என்று கேட்டேன். அஞ்சலையக்கா அழுதுகொண்டே முடியாது என்றாள். "எம் புருஷன் வேலையும் போயிடும்டி. எனக்கு மூணு புள்ளைங்க." நான் மறுபடி கேட்கவில்லை. ஜாடி என் அறையிலேயே இருந்தது. ஆறு நாள் அதன் பக்கத்தில் படுத்தேன். காதை வைத்தால் உள்ளே பேசுகிற மாதிரி இருக்கும்.

புதன்கிழமை விடிகாலை ஆற்றில் காரியம் முடித்து, தாலியைக் கழற்றிக்கொண்டு, வீட்டுக்கு வந்து இலை போட்டோம். மீன் குழம்பு, சோறு, ஒரு டம்ளரில் அவர் பீர். பழுப்பாக, தெளிவாக இருந்தது. கற்பூரம் ஏற்றினதும் வாசலில் நிழல் விழுந்தது. கோ சான், கூட அவனுடைய மேலதிகாரி, ஒரு தொப்பிக்காரர். லைன் ஆட்கள் ஒவ்வொருவராக வெளியே நழுவினார்கள். கோ சான் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தான். என் முகத்தைப் பார்க்கவில்லை. ஜாடி எங்கே என்று கேட்டான். காட்டினேன். தொப்பிக்காரர் மோந்து பார்த்து, தூக்கச் சொன்னார். ஜாடியை வெளியே கொண்டுபோனார்கள். இலையில் இருந்ததை இரண்டு பேரும் தொடவில்லை.

படைத்ததை வீட்டு ஆள் ஒருவர் வாயில் வைக்க வேண்டும். இந்த ஊரில் அவருக்கு வீட்டு ஆள் நான் ஒருத்திதான்.

"வா, போகணும்" என்றான் கோ சான்.

"இருங்க சயா, குடிச்சிட்டு வரேன்."

கற்பூரம் அணைகிற வரைக்கும் இருந்தேன். டம்ளரை எடுத்துக்கொண்டு சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன். முதல் வாயை நாக்கின் ஓரத்தில் நிறுத்தி வைத்தேன். துவர்க்கவில்லை. வெளியிலிருந்து தொப்பிக்காரர் சீக்கிரம், சீக்கிரம் என்று சத்தம் போட்டார். டம்ளரில் பாதிக்கு மேல் இருந்தது. நான் இரண்டாவது வாய் குடித்தேன்.